பச்சைக் கொடி காட்டியபோது உள்ளே இருந்தவன்

ஓட்டம் தொடங்கப் பச்சைக் கொடி காட்டும்போது வண்டிக்குள் எவன் உட்கார்ந்திருக்கிறானோ, அந்த ஓட்டம் அவன் பேருக்குத்தான். நடுவில் அவன் மயங்கிச் சரிந்து, வேறொருவன் ஏறி, மீதித் தூரத்தை உயிரைக் கொடுத்து ஓட்டி முதலில் வந்தாலும் சரி, கோப்பை முதலில் உட்கார்ந்தவனுக்கே. இந்தச் சட்டத்தை எந்த மகாராசன் எழுதினானோ தெரியாது. அவன் ஜூலை மாத வெயிலில் ஒரு ஸ்டாக் கார் பந்தய வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தவனாக இருக்கமாட்டான் என்பது மட்டும் நிச்சயம். ஆனால் என் அண்ணன் வெர்லினுக்கு அது வேதவாக்கு. "யாராவது ஒருத்தன் பேருக்குத்தானடா எழுத முடியும்? ஆரம்பிச்சவன் பேருக்கு எழுதறான். இதுல என்ன தப்பு?" என்பான். எல்லாவற்றிலும் அடுத்தவன் பக்கத்து நியாயம் அவனுக்கு முதலில் தெரியும். உருப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் வட கரோலினாவில் மார்கன்டன் பக்கத்துக்காரர்கள். அங்கே காஸ்பி என்ற எங்கள் குடும்பப் பேரைச் சொன்னால் பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம், மீதிப் பேருக்கு எங்களைக் கண்டால் ஆகாது. நாற்காலி ஆலையில் நல்ல வேலையில் இருந்த அண்ணன், ஒரு திங்கட்கிழமை காலை அதை உதறிவிட்டு வந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டான். அதற்குள் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் அவனுக்கு மெக்கானிக். மோசெல் அண்ணிக்கு மூன்று வேலை: லாரி ஓட்டுவது, சாப்பாடு கட்டுவது, எங்கள் இருவரையும் திட்டுவது. மூன்றிலும் குறை வைத்ததில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் அண்ணன் ஓட்டினான். ஆலபாமாவிலிருந்து டெலவேர் வரை அவன் உருளாத பாதை கிடையாது. பணக்கார அணிகள் கழற்றி எறிந்த டயர்தான் எங்களுக்குப் புது டயர். அவர்களிடம் ஓடி ஓய்ந்த எஞ்சின்தான் எங்களுக்குப் புது எஞ்சின். அதை நான் கையைக் காலைப் பிடித்துச் சரிசெய்து மாட்டுவேன், அது பாதி ஓட்டத்தில் வாயைப் பிளக்கும். வாயைப் பிளக்காத நாட்களில் அண்ணன் பதினாறாவதாக வருவான், இருபதாவதாக வருவான். மற்ற ஓட்டுநர்கள் அவனுக்கு வைத்த பேர் கூட்ஸ் வண்டி. எப்படியும் வந்து சேரும், எப்போது என்று கேட்கக் கூடாது. அவனும் அதற்குச் சேர்ந்து சிரிப்பான். எனக்குத்தான் வயிறு எரியும்.

வழி விடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பின்னால் வேகமான வண்டி வந்தால் மெதுவாகப் போகிறவனுக்கு நீலக் கொடி காட்டுவார்கள், ஒதுங்கிக்கொள் என்று. அண்ணனுக்குக் கொடியே வேண்டாம். கண்ணாடியில் ஒரு நிழல் விழுந்தால் போதும். சுவர்ப் பக்கமாக ஏறி ஒதுங்கி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போங்க ராசா என்பதுபோல் ஆட்டி அனுப்பிவைப்பான். பெரிய ஓட்டுநர்கள் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். பிடிக்காமல் என்ன செய்யும்?

எழுபத்து நான்காம் வருஷம் ஜனவரி பிறந்ததுமே அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இந்தப் பந்தயப் பருவத்தோடு சரி, அப்புறம் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று. அண்ணனுக்கு அப்போது முதுகெலும்பு தேய்ந்து, செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாத நிலைமை. சரி என்று ஒப்புக்கொண்டான். அன்றைக்குக் கொட்டகையில் நாங்கள் இருவரும் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் என்னிடம் சொன்னான்.

"டாயில், எனக்கு ஒண்ணே ஒண்ணுதாண்டா ஆசை."

"என்ன, ஜெயிக்கணுமா? போய் வரிசையில நில்லு."

"கோப்பை எல்லாம் வேண்டாம்டா. ஓட்டம் முடியற அந்தக் கோட்டைத் தாண்டும்போது எனக்கு முன்னாடி ஒருத்தனும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு தடவ. எப்பப் பாத்தாலும் எவனோட பின்பக்கத்தையாவது பாத்துக்கிட்டே தாண்டுறேன். முன்னாடி காலியா இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

நான் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இருபது வருஷமாக அவன் எதையும் தனக்கென்று கேட்டதில்லை.

ஜூலையில் ஹேல்ஸ்ஃபோர்ட் ஓட்டம். தென் கரோலினாவில், மணல் காட்டுக்கு நடுவில் இருக்கிற பாதை அது. காலையிலேயே தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. எங்கள் எஞ்சின் வழக்கம்போலக் கால்வாசி ஓட்டத்திலேயே பெரிய சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. அண்ணன் வண்டியை உள்ளே தள்ளிவிட்டு, லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து, அண்ணி கட்டிக் கொடுத்த ஈரல் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் யாரைத் திட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மெக்ராரி ஓடிவந்தான். லானி பாலார்டின் சிவப்பு வண்டிக்கு அவன்தான் தலைமை மெக்கானிக். பாலார்டுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும், அந்த வருஷத்து ராசா அவன்தான்.

"வெர்லின், ஹெல்மெட்டை எடு. எங்க பையனுக்கு முடியல. இந்த மஞ்சள் கொடியில உள்ள வரான். நீ ஏறு."

அண்ணி குறுக்கே நின்றாள். "சாப்பிடுற மனுஷன எழுப்பாதீங்க."

"அவரு சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஓட்டம் முடிஞ்சிரும் அம்மணி."

"முடியட்டுமே. எங்களுக்கு எப்பவோ முடிஞ்சிருச்சு."

அண்ணன் மிச்ச ரொட்டியை அப்படியே அவள் கையில் வைத்தான். "வந்து சாப்பிடறேன்" என்றான். மெக்ராரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி ஆள் மாற்றுவது எங்கள் கூட்டத்தில் வழக்கம். வண்டி படுத்துப்போனவன், முடியாமல் போனவனுக்கு உதவி செய்வான். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். ஆனால் நல்ல அணிக்காரன் எவனும் அதுவரை கூட்ஸ் வண்டியைக் கூப்பிட்டதில்லை.

விபத்து நடந்து மஞ்சள் கொடி காட்டி, எல்லா வண்டிகளும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் பாலார்ட் உள்ளே வந்தான். அவனை ஜன்னல் வழியாக இழுத்தபோது வாந்தி எடுத்தான். கை கால் துணிபோலத் தொங்கியது. முகம் மட்டும் ரோசாப் பூ நிறத்தில் இருந்தது. "வெயில், வெயில்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. அவன் காலையில் இடப்பக்கம் சுவரில் உரசியதை நான் பார்த்திருந்தேன். குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். புகைக்குழாய் நசுங்கிப் பிளந்திருந்தது. அதற்கு நேர் மேலே தரைத் தகடு ஒரு விரல் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது.

அண்ணன் அதற்குள் ஏறிவிட்டான். அந்த இருக்கை பாலார்டின் ஒல்லி உடம்புக்குச் செய்தது. இவன் தோளை ஒருக்களித்து உள்ளே திணித்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலுக்குள் தலையை விட்டு வாரை இழுத்துக் கட்டினேன்.

"அண்ணே, குழாய் பொளந்திருக்கு. விஷப் புகை நேரா உன் காலடிக்குத்தான் வருது. அந்தப் பையனுக்கு வெயிலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இறங்கு."

"தெரியும். நெடி வருது."

"தெரிஞ்சா இறங்குய்யா."

"இந்த எஞ்சின் சத்தத்தைக் கேளுடா" என்றான். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "எவ்வளவு பதமா இருக்கு பாரு. இது ஜெயிக்கிற வண்டிடா."

"ஜெயிச்சா அவன் பேருக்குத்தான்."

"இருக்கட்டும். கோட்டைத் தாண்டுறப்ப உள்ள இருக்கப் போறது நான்தான?"

நான் மெக்ராரியின் சட்டையைப் பிடித்தேன். தகட்டைக் காட்டினேன். அவனும் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. அடைக்க வேண்டுமென்றால் வண்டியைத் தூக்க வேண்டும், அதற்குள் இரண்டு சுற்றுப் பின்னால் போய்விடும். அவன் ஒரு ஈரத் துண்டைச் சுருட்டி அந்தப் பிளவில் திணித்தான். "முக்கால்வாசி ஓடியாச்சு, மீதி கொஞ்சம்தான், தாங்கிருவாரு" என்றான். தாங்கப் போகிறவன் அவன் அண்ணன் இல்லையே.

அண்ணன் மூன்றாவதாக வெளியே போனான். ஊர்ந்த வண்டிகளை மறுபடி ஓடவிடப் பச்சைக் கொடி காட்டியதும் பார்க்க வேண்டுமே! இருபது வருஷமாகச் சுவர் ஓரமாக ஊர்ந்தவன், திருப்பத்தில் பாதையின் உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினான். இரண்டாவதாக இருந்தவனை முதல் திருப்பத்திலேயே கடந்தான். முதலில் இருந்தவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அவன் அயர்ந்த நேரம் பார்த்து வெளியே வந்து, அவனையும் கடந்தான். பெஞ்சில் இருந்த கூட்டம் பாலார்டின் பேரைச் சொல்லிக் கத்தியது. அண்ணி லாரிக் கூரைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள், கையில் அந்த மிச்ச ரொட்டியோடு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கள் வண்டியும் இப்படி ஒரு எஞ்சினோடு ஒரு வருஷம் ஓடியிருந்தால் என்ன குறைந்துவிட்டிருக்கும் இந்த உலகத்துக்கு?

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. பின்னால் ஒரு மஞ்சள் வண்டி வேகமாக நெருங்கி வந்தது. அண்ணன் கண்ணாடியில் பார்த்திருப்பான். என்ன நினைத்தானோ, ஒன்றும் நினைக்கவில்லையோ, சட்டென்று சுவர்ப் பக்கம் ஏறி ஒதுங்கினான். ஜன்னல் வழியாகக் கை வந்தது. போங்க ராசா என்று ஆடியது. மஞ்சள் வண்டிக்காரன் நம்பமுடியாமல் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் போனான்.

மெக்ராரி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "எவன்டா முதல் இடத்தைத் தூக்கி தானம் குடுப்பான்? உங்க அண்ணனுக்கு மூளை இருக்கா?"

"இருந்தா உன் வண்டியில ஏறியிருப்பானா?" என்றேன்.

பழக்கம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழக்கம் மட்டும் மிஞ்சி, ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த சுற்றில் வண்டியின் மூக்கு அலைந்தது. திருப்பத்தில் தாமதமாகத் திரும்பினான். நேர்ப்பாதையில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்வது இங்கிருந்தே தெரிந்தது.

நான் மெக்ராரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நல்ல வேளையாக இன்னொரு வண்டி சுழன்று மறுபடியும் மஞ்சள் கொடி வந்தது. ஹூபர்ட் டீல் என்று எங்களைப் போலவே ஓர் ஏழை ஓட்டுநர், அவன் வண்டியும் படுத்துவிட்டிருந்தது, ஹெல்மெட்டோடு வந்து நின்றான். "நான் ஏறிக்கறேன், கூட்ஸ் வண்டிய வெளிய எடுங்க" என்றான். மெக்ராரிக்கும் அதற்குள் பயம் வந்துவிட்டது. பலகையில் 'உள்ளே வா' என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி என்னிடமே கொடுத்தான். நான் சுவர்மேல் ஏறி அதைத் தலைக்குமேல் பிடித்தேன்.

ஊர்கிற வேகத்தில் வந்தான். என்னைப் பார்த்தான். பலகையைப் பார்க்காமல் போய்விட்டான், அப்போதே நினைவு தப்பியிருந்தது என்று பிறகு பலபேர் சொன்னார்கள். சுத்தப் பொய். நேராக என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினான். வண்டி உள்ளே திரும்பாமல் பாதையிலேயே போனது. வாழ்நாளில் யார் பேச்சையும் தட்டாதவன், அன்றைக்கு என் பேச்சைத் தட்டினான். பலகையைக் கீழே போட்டு உடைத்தேன்.

கடைசிச் சுற்றுகளைப் பற்றி என்ன சொல்ல? மஞ்சள் வண்டிக்குப் பின்னாலேயே போனான். கடைசித் திருப்பத்தில் பாதையின் நடுவில் எங்களைப் போன்ற ஓட்டை வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் வண்டிக்காரன் அதைச் சுற்றிச் சுவர்ப் பக்கமாக மேலே போனான். ஓட்டை வண்டிக்காரன் கண்ணாடியில் சிவப்பு வண்டியைப் பார்த்து, முறைப்படி கீழே இறங்கி வழி விட்டான். கையைக் கூட ஆட்டினான். அந்த இடுக்கில் புகுந்து மஞ்சள் வண்டியை முந்தி வந்தான் அண்ணன். கோட்டைத் தாண்டியபோது அவனுக்கு முன்னால் ஒருத்தனும் இல்லை. பாதை காலியாகக் கிடந்தது. நான் பார்த்தேன்.

கோட்டைத் தாண்டியும் அவன் நிறுத்தவில்லை. அதே வேகத்தில் இன்னொரு சுற்றுப் போனான். அதற்கப்புறம் பாதி நேர்ப்பாதையில் எஞ்சின் சத்தம் தானாக இறங்கியது. வண்டி உள்பக்கப் புல்லில் இறங்கி, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மெதுவாகப் போய் நின்றது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவன் கண் திறந்துதான் இருந்தது. முகம் அதே ரோசாப் பூ நிறம். எவ்வளவு கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் பாலார்டைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கொண்டுவந்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டு, கோப்பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனும் பாவம், நிற்க முடியாமல் நின்றான்.

அண்ணன் செத்துப்போகவில்லை. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து வீட்டுக்கு வந்தான். நடக்கிறான், சாப்பிடுகிறான், அண்ணியை, என்னை அடையாளம் தெரிகிறது. சின்ன வயதுக் கதையெல்லாம் வரி பிசகாமல் சொல்வான். எந்த வருஷம் எந்த எஞ்சின் எங்கே வெடித்தது என்று கேட்டால் சொல்வான். அந்தக் கோடைகாலம் மட்டும் அவனிடம் இல்லை. அதற்குப் பிறகு நடப்பதும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். காலையில் சொன்னது மத்தியானம் இருக்காது. கை நடுக்கத்தில் ஒரு போல்ட்டைக்கூடப் பிடிக்க முடியாது. வண்டியை விற்றோம். அண்ணி நாற்காலி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். நான் பல தடவை அவனிடம் சொல்லியிருக்கிறேன், நீ ஜெயித்தாய் அண்ணே என்று. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பான், நான் கேலி செய்கிறேன் என்று சிரிப்பான்.

மறுவருஷம் வசந்தத்தில் பாலார்ட் வந்தான். முன்கூட்டிச் சொல்லாமல், தனியாக, அந்தக் கோப்பையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அடுப்படி மேசையில் அண்ணன் உட்கார்ந்து அண்ணிக்காகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். பாலார்ட் போர்வையைப் பிரித்துக் கோப்பையை அவன் முன்னால் வைத்தான்.

"அண்ணே, இது உங்களது. முன்னமே கொண்டு வந்திருக்கணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

நான் மனசுக்குள்ளேயே, வைத்துக்கொள், வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். அண்ணியும் ஏப்ரனின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொறித்திருந்த எழுத்தை விரலால் தடவினான். "ஹேல்ஸ்ஃபோர்ட்" என்று வாசித்தான். "நல்ல பாதை. எஞ்சினக் கொல்லும். உன் பேருதான தம்பி போட்டிருக்கு?"

"பேரு என்னுதுதான். பாதியில எனக்கு முடியல. கடைசி வரைக்கும் ஓட்டினது வேற ஆளு."

"பச்சைக் கொடி காட்டினப்ப உள்ள இருந்தது யாரு?"

பாலார்ட் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? "நான்தான் அண்ணே" என்றான்.

"அப்ப உன்னுதுதான். இதுல என்ன சந்தேகம்? சட்டம்னா சட்டம்." அண்ணன் நடுங்குகிற கையால் கோப்பையைப் போர்வையில் பழையபடி சுற்றினான். கஷ்டப்பட்டுச் சுற்றினான், உதவிக்கு வந்த என் கையைத் தட்டிவிட்டான். "எடுத்துட்டுப் போ தம்பி. அடுத்தவன் பொருளு எனக்கெதுக்கு?"

பாலார்ட் அழுதுகொண்டே போனான். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போவதற்கு வேறு இடமில்லாமல் அது அண்ணன்மேலேயே வந்தது. பட்டாணிப் பாத்திரத்தை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டு நானும் உரிக்க ஆரம்பித்தேன்.

"நல்ல பையன்" என்றான் அண்ணன். "எதுக்கு அழறான்? ஆமா, அவனுக்குப் பதிலா ஓட்டுனானே, அவன் யாருடா?"

"நீதான் அண்ணே" என்றேன். "நீதான் ஓட்டின. உனக்கு முன்னாடி ஒருத்தனும் இல்ல. பாதை காலியா கிடந்துச்சு."

அவன் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், சின்ன வயதில் சிரிப்பது போலவே.

"போடா டேய். நான் ஒரு தடவ ஜெயிச்சிருந்தா, எனக்கு அது மறக்குமா?"